தண்டல் அட்டையின் வட்டி எத்தனை சுற்றில் வரும்?

ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் மாலையில் நின்றால், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு நின்று நின்று போவதைப் பார்க்கலாம். தண்டல் வசூல். லுங்கித் தறிக்கு முன்னால் நிற்பவர் கையைத் துடைத்துக்கொண்டு நூறு ரூபாய் நோட்டையும் ஓர் அட்டையையும் நீட்டுவார். பத்துக்குப் பத்து, நூறு கட்டம் போட்ட அட்டை. வசூல்காரர் அன்றைய கட்டத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். தமிழும் தெலுங்கும் கலந்து இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் பேச்சு.

ஏற்பாடு எளிது. அட்டையில் எழுதிய கடன் 10,000. பிடித்தம் 1,000 போகக் கையில் வருவது 9,000. நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். என்ன வட்டி என்று கேட்டால் "நூத்துக்குப் பத்து" என்பார்கள். கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர், நூறு நாளுக்குப் பத்து என்றால் நாளுக்கு 0.1, வருஷத்துக்கு 36.5 சதவீதம் என்பார். இரண்டும் தப்பு. 9,000 ரூபாய் நூறு நாளும் வாங்கியவர் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிக் கடன்தான் அவரிடம் இருக்கிறது, வட்டியோ முழுசுக்கும் போய்விட்டது. ஆகவே உண்மை வட்டி 36.5-இன் இரட்டிப்பையும் தாண்டும் என்று வாய்க்கணக்காகவே சொல்லலாம். கூடுதல் வட்டி வசூலைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. அது வேறு விவாதம். எனக்கு இங்கே வேண்டியது அந்த வட்டியின் சரியான எண். அதைவிடவும், அந்த எண்ணைத் தேடிக் கிளம்பும் முறைகளில் எது எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறது என்பது.

நாள் வட்டியை வ என்று வைத்துக்கொள்வோம். நூறு தவணைகளின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் கையில் வந்த 9,000 கிடைக்க வேண்டும். சுருக்கி எழுதினால் இப்படி வரும்: (1+வ)-இன் நூறாம் அடுக்கால் ஒன்றை வகு, வந்ததை ஒன்றிலிருந்து கழி, மீதியை வ-ஆல் வகு, 90 வர வேண்டும். வ இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஒன்று நூறாம் அடுக்குக்குள்ளே. பிரித்து வெளியே எடுக்கச் சூத்திரம் கிடையாது. இருபடிச் சமன்பாட்டுக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம் மாதிரி ஒன்றை ஐந்தாம் படிக்கும் அதற்கு மேலும் பொதுவாக எழுதவே முடியாது என்று நார்வேக்காரர் ஆபெல் 1824-இல் நிறுவிவிட்டார். நம்முடையது நூறாம் படி. ஊகிக்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மிகப் பழகிய வழி பாதி பாதியாக வெட்டுவது. திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று. ஏதோ ஒரு படியில் நான் ஒரு விளக்கை வைத்துவிட்டேன். நீங்கள் ஒரு படியைச் சொன்னால் விளக்கு அதற்கு மேலேயா கீழேயா என்று மட்டும் பதில் சொல்வேன். நடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே போனால் அதிகம் போனால் ஒன்பது கேள்வியில் விளக்கைப் பிடித்துவிடலாம், ஏனென்றால் ஒன்பது முறை இரட்டித்தால் 512, அது 365-ஐ மிஞ்சிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு இருசமக்கூறிடும் முறை என்று பெயர். தண்டல் வட்டி ஆண்டுக்கு 0-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று தொடங்கிப் பார்த்தேன். 50 போதாது, 75 போதாது, 87.5 அதிகம், 81.25 அதிகம், 78.125 அதிகம், 76.5625 போதாது... பத்தாவது வெட்டு முடிந்தபோது 77.54-க்கும் 77.64-க்கும் இடையில் வந்து நின்றேன். தசமத்துக்குப் பின் நான்கு இடம் சரியாக வேண்டுமென்றால் இருபது வெட்டு. விடை 77.5914 சதவீதம். "நூத்துக்குப் பத்து" என்று சொல்லப்படும் வட்டி இதுதான்; கூட்டுவட்டியாக ஓட்டினால் ஆண்டுக்கு 117-ஐத் தொடும்.

இந்த முறையில் ஒவ்வொரு வெட்டும் பிழையின் எல்லையைச் சரிபாதியாக்குகிறது. கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. சுமார் மூன்றே கால் சுற்றுக்கு ஒரு தசம இலக்கம் வரும். முதல் இலக்கத்துக்கு எவ்வளவு பாடோ பத்தாவது இலக்கத்துக்கும் அவ்வளவே பாடு. இப்படிப் பிழை ஒரே விகிதத்தில் சுருங்குவதை நேரியல் ஒருங்குதல் என்கிறார்கள். பள்ளியில் வர்க்கமூலம் காண இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து வகுத்தோமே, 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் உள்ள முறையும் ஏறத்தாழ அதுதான். அதுவும் நேரியல், ஆனால் விகிதம் பத்தில் ஒன்று. சுற்றுக்கு ஓர் இலக்கம்.

வேறு வகைக் குதிரை நியூட்டனுடையது. ஓர் ஊகத்தில் நின்று, அந்த இடத்தில் வளைவரைக்குத் தொடுகோடு போட்டு, அந்தக் கோடு அச்சை எங்கே வெட்டுகிறதோ அதை அடுத்த ஊகமாகக் கொள்வது. நியூட்டன் 1669-இல் எழுதிவைத்தார். 1685-இல் வாலிஸ் தம் நூலில் அச்சேற்றினார். 1690-இல் ராப்சன் அதைச் சுற்றுச் சுற்றாகச் செய்யும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வகைக்கெழுவை வைத்து இன்று நாம் எழுதும் சூத்திரம் 1740-இல் சிம்ப்சன் எழுதியது. இரண்டு பேர் பெயரைத் தாங்கும் முறையின் இன்றைய உருவம் மூன்றாமவருடையது. பாவம், அவர் பெயர் வேறொரு சூத்திரத்தில் ஒட்டிக்கொண்டது.

தண்டலை நியூட்டனிடம் கொடுத்தேன். தொடக்க ஊகம் அந்தத் தப்பான 36.5-தான். முதல் சுற்றில் 76.08. இரண்டாவதில் 77.589. மூன்றாவதில் 77.5914, அதற்குப் பின்னாலும் பல இலக்கம் சரி. இருபது வெட்டுக்கு மூன்று சுற்று. காரணம், ஒவ்வொரு சுற்றின் பிழையும் முந்தைய பிழையின் வர்க்கத்துக்கு விகிதமாக இருக்கிறது. பிழை நூறில் ஒன்று என்றால் அடுத்தது பத்தாயிரத்தில் ஒன்று, அதற்கடுத்தது பத்துக் கோடியில் ஒன்று என்ற போக்கு. சரியான இலக்கங்கள் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கின்றன. இருபடி ஒருங்குதல் என்று பெயர்; அடுத்த பிழை முந்தைய பிழையின் எத்தனையாவது அடுக்கோ அது வரிசை, இங்கே இரண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபூரியேவும் கோஷியும் இதைக் கணக்காக நிறுவினார்கள்.

தேர்வுத்தாளில் இத்தோடு முடித்துவிடுவார்கள்: வெட்டுமுறை மெதுவு, நியூட்டன் வேகம், ஆறு மதிப்பெண். எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது.

கணினியில் விரிதாள் திறந்து வட்டி காணும் கட்டளையைக் கொடுப்பவர்கள் பலர். எக்செல் நிரலின் விளக்கக் குறிப்பே சொல்கிறது: நீங்கள் ஊகம் எதுவும் தராவிட்டால் தவணைக்கு 10 சதவீதம் என்று அது தானாக எடுத்துக்கொள்ளும், இருபது சுற்றுக்குள் விடை ஒருங்காவிட்டால் பிழை என்று காட்டிவிடும். தவணை வருஷத்துக்கு ஒன்றாக இருந்தால் 10 சதவீதம் நியாயமான ஊகம். நம் தவணை நாளுக்கு ஒன்று. நாளுக்கு 10 சதவீதம் என்ற இடத்தில் நின்று வெறும் நியூட்டன் முறையைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே விடை நாளுக்குக் கழித்தல் 70 சதவீதத்துக்குப் பாய்ந்தது. கடன் கொடுத்தவர் தினமும் எழுபது சதவீதம் இழக்கிறார் என்று பொருள்! அங்கே போய் விழுந்ததும் நூறாம் அடுக்கின் தலைகீழ் ஐம்பது இலக்கத்துக்கு மேற்பட்ட ராட்சத எண்ணாகிறது. அதன் சரிவு அத்தனை செங்குத்து என்பதால் நியூட்டனின் ஒவ்வோர் அடியும் (1+வ)-ஐ ஒரு சதவீதம் மட்டும் நகர்த்துகிறது. ஊர்ந்து ஊர்ந்து மேலே வர நூறு சுற்றுக்கு மேல் ஆகும். வந்து சேர்ந்த பிறகு கடைசி மூன்று நான்கு சுற்றில் பழைய வேகம் திரும்பும். அதே முறை, அதே சமன்பாடு, அதே "இருபடி" பட்டம். ஒரு தொடக்கத்திலிருந்து மூன்று சுற்று, மற்றொரு தொடக்கத்திலிருந்து நூற்றுக்கும் மேல். வரிசை இரண்டு என்ற பட்டம் விடைக்கு அருகே போன பிறகு நடப்பதைச் சொல்லும் வாக்குறுதி. போகும் வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொரு சோதனை. சமன்பாட்டைக் கொஞ்சம் புரட்டிப் போட்டு வ இடப்பக்கம் தனியாக நிற்கும்படி எழுதலாம்: ஒன்றிலிருந்து அந்த நூறாம் அடுக்கின் தலைகீழைக் கழித்து 90-ஆல் வகுத்தது வ. வலப்பக்கத்தில் ஊகத்தைப் போட்டால் இடப்பக்கத்தில் புது ஊகம் வரும். நம்முடைய பழைய வானியல் கணிதத்தில் 'அசக்ருத்' என்று சொல்லும், திரும்பத் திரும்பச் செய்யும் கணக்கின் சாயல் இது. 36.5-இல் தொடங்கினேன். 38.6 வந்தது. பிறகு 40.7. விடைக்குப் பக்கத்தில் போன பிறகும் பிழை சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது, விகிதம் 0.897. நான்கு தசம இடத்துக்கு நூற்றிருபது சுற்றைத் தாண்ட வேண்டும். கடனே நூறு நாளில் தீர்ந்துவிடும், வட்டி கண்டுபிடிக்கும் கணக்கு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு இந்த வடிவத்தில் சுழியமும் ஒரு விடை. சுழியத்தில் தொடங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

ஆக, கேள்வியை எந்த வடிவத்தில் எழுதுகிறோம், எங்கிருந்து தொடங்குகிறோம் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. முறையின் பெயருக்கு மூன்றாம் இடம் கொடுத்தால் போதும்.

நியூட்டனின் செலவையும் நேர்மையாக எண்ண வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சார்பின் மதிப்பு ஒன்று, வகைக்கெழுவின் மதிப்பு ஒன்று, ஆக இரண்டு கணக்கு. தொடுகோட்டுக்குப் பதில் கடைசி இரண்டு ஊகங்களை இணைக்கும் வெட்டுக்கோட்டைப் போட்டால் வகைக்கெழுவே தேவையில்லை. 0, 36.5 என்று இரண்டு ஊகம் கொடுத்தேன், வந்தவை 74.755, 77.486, 77.5911, 77.5914. நான்கு சுற்று, சுற்றுக்கு ஒரே கணக்கு. நியூட்டனுக்கு மூன்று சுற்றில் ஆறு கணக்கு ஆயிற்று. வெட்டுக்கோட்டு முறையின் வரிசை 1.618, தங்க விகிதம் என்று பெயர் பெற்ற அதே எண். நியூட்டனின் வரிசை 2 என்றாலும் ஒரு கணக்குக்கு எவ்வளவு என்று பிரித்தால் 2-இன் வர்க்கமூலம், 1.414. செலவோடு சேர்த்து வேகத்தை அளக்கும் இந்த அளவுகோலைப் பரப்பியவர் ஆஸ்த்ரோவ்ஸ்கி. ஹாலி 1694-இல் கொடுத்த முறைக்கு வரிசை மூன்று. அதற்கு இரண்டாம் வகைக்கெழுவும் வேண்டும். இதற்கு மேல் வரிசை ஏற்றிக்கொண்டே போகும் ஆராய்ச்சித் தாள்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. பெரும்பாலானவை யாருக்கும் உதவாத வேகம் என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள்.

வெட்டுக்கோட்டின் பழமை சுவாரசியமானது. கேரளத்தின் பரமேஸ்வரர் 15-ஆம் நூற்றாண்டில் எழுதிய சமஸ்கிருத உரையொன்றில் இந்த முறையின் ஒரு வடிவம் இருப்பதை 1996-இல் கிம் ப்ளோஃப்கர் எடுத்துக்காட்டினார். அங்கே சாதாரண அசக்ருத் மெதுவாகப் போகும் கணக்குக்கு இரண்டு ஊகங்களின் பிழையை ஒப்பிட்டு மூன்றாவதைத் திருத்துகிறார்கள். 1881-இல் பெஷாவர் அருகே மண்ணிலிருந்து கிடைத்து இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் பக்ஷாலி பூர்ஜ மரப்பட்டைச் சுவடியின் வர்க்கமூல விதியையும் இங்கே சொல்ல வேண்டும். 41-இன் மூலத்துக்கு 6-இல் தொடங்குகிறார்கள். மீதி 5, அதை 12-ஆல் வகுத்துச் சேர்த்தால் 6.4167. பிறகு ஒரு திருத்தம், 6.40314. உண்மை மதிப்பு 6.40312. விதியை விரித்துப் பார்த்தால் அது நியூட்டனின் இரண்டு சுற்றை ஒரே மூச்சில் செய்வது. திரும்பத் திரும்பச் செய்தால் சுற்றுக்கு நான்கு மடங்காக இலக்கம் கூடும். எழுதியவர் அப்படித் திரும்பச் செய்தாரா என்பது வேறு. சூத்திரத்துக்குள் அந்த வேகம் அடங்கிக் கிடக்கிறது.

இனி நான் நெடுநேரம் நின்ற இடம். பட்ட வகுப்பு எண்ணியல் பாடப்புத்தகங்களில், எஸ். எஸ். சாஸ்திரியின் புத்தகம் உட்பட, 'ராமானுஜன் முறை' என்று ஒரு சிறு பிரிவு வரும். ஆசிரியர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பிரிவு. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுத உட்கார்ந்த அதே ராமானுஜன்தான். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் சமன்பாட்டின் மிகச் சிறிய மூலத்தைக் காண ஒரு வழி இருக்கிறது. சமன்பாட்டை 'ஒன்று கழித்தல் ஒரு தொடர்' என்ற வடிவத்துக்குக் கொண்டுவா. தொடரின் கெழுக்களை வைத்து ஒரு எண் வரிசையைக் கட்டு: முதல் எண் 1, ஒவ்வொரு புது எண்ணும் முந்தைய எண்களைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டியது. அடுத்தடுத்த இரண்டு எண்களின் விகிதம் மூலத்தை நோக்கிப் போகும். 1728-இல் டேனியல் பெர்னூலி கொடுத்த முறைக்கு நெருங்கிய உறவு.

புத்தகத்தில் வரும் எடுத்துக்காட்டு மாதிரி ஒன்றை முதலில் பார்த்தேன்: 1, 2, 3 மூலங்களாக உள்ள முப்படிச் சமன்பாடு. விகிதங்கள் 0.545, 0.776, 0.887, 0.942 என்று வருகின்றன. பிழை ஒவ்வொரு முறையும் சுமார் பாதி; மலைப்படி வெட்டுமுறையின் வேகமேதான். பாதி ஆவதற்குக் காரணம் இருக்கிறது. சிறிய மூலம் 1, அடுத்தது 2; வேகம் இந்த இரண்டின் விகிதம். அடுத்த மூலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம். நேரியல் முறை என்று மாணவர்கள் ஒதுக்குவது இதனால்தான்.

பிறகு தண்டலைப் போட்டேன். சமன்பாட்டை வ-இன் அடுக்குகளாக விரித்துப் பத்தால் வகுத்தால் கெழுக்கள் 505, கழித்தல் 17,170, அப்புறம் 4,42,127.5, அப்புறம் கழித்தல் 91,96,252. எண் வரிசை: 1, 505, 505-இன் வர்க்கத்திலிருந்து 17,170 போக 2,37,855, அடுத்தது 11,18,88,052.5. பெருக்கலும் கூட்டலும் மட்டுமே, அடுக்கு கிடையாது, வகைக்கெழு கிடையாது, தொடக்க ஊகம்கூடக் கிடையாது. விகிதங்களை ஆண்டுக்கு மாற்றினால் 72.28, 77.49, 77.593. இன்னும் ஒரு எண் கட்டினேன்: 77.5914. நாலே விகிதத்தில் நாலு இடம் சரி! கடைக்காரர் பேரேட்டின் பின்பக்கத்தில் போட்டுவிடும் கணக்கு. இந்தச் சமன்பாட்டின் மற்ற மூலங்கள் எல்லாம், பெரும்பாலும் கலப்பெண்களாக, வெகு தூரத்தில் கிடக்கின்றன. விகிதம் மிகச் சிறிது. ஆகவே 'மெதுவான' முறை பறக்கிறது. மூலங்கள் நெருக்கமாக இருக்கும் கணக்கில் இதே முறை நொண்டும். துறைமுகத்தில் கூட்டல் கழித்தல் போட்ட கையிலிருந்து வந்த வழி தண்டல் கணக்குக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

வேகத்தைக் கொண்டாடும்போது மறந்துபோகிற இன்னொன்று, சுற்றே இல்லாமல் முடிப்பது. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் சந்திரன் நிலையை ஒவ்வொரு நாளும் சுற்றிச் சுற்றிக் கணிப்பதில்லை. 248 நாளுக்கு 248 வாக்கியம் மனப்பாடம், எழுத்துகளே எண்கள். ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். அதை வைத்து 1952-இல் நாய்கெபாவர் தமிழ் வானியல் பற்றி ஒரு முழு ஆய்வே எழுதினார். மனப்பாட அட்டவணை என்பது வேறொன்றுமில்லை, யாரோ முன்பே செய்துவைத்த சுற்றுகள். நல்ல தொடக்க ஊகத்தை அட்டவணையிலிருந்து எடுத்து ஒரே ஒரு நியூட்டன் சுற்றில் முடிக்கும் உத்தி இன்றைய கணினிச் சில்லுகளிலும் வாழ்கிறது. 1999-இல் வந்த குவேக் 3 விளையாட்டின் நிரலில் ஒரு மாய எண் வைத்து வர்க்கமூலத்தின் தலைகீழை ஊகித்து, ஒரு நியூட்டன் சுற்றோடு விட்டுவிட்டார்கள். புதுச்சேரிக் கணிதர் சிரித்திருப்பார்.

நியூட்டன் வேகம் இழக்கும் இடங்கள் தனி அத்தியாயம். வளைவரை அச்சை வெட்டாமல் தொட்டுவிட்டுத் திரும்பினால், அதாவது இரட்டை மூலமாக இருந்தால், இருபடி வேகம் போய்ப் பிழை சுற்றுக்குப் பாதியாகும் நேரியலாக இறங்கிவிடும். சில சமன்பாடுகளில் ஒருங்கவே ஒருங்காது. ஓர் எண்ணின் முப்படியிலிருந்து அதன் இரு மடங்கைக் கழித்து 2 கூட்டினால் சுழியம் என்ற சமன்பாட்டில் 0-இல் தொடங்குங்கள்: அடுத்தது 1, அதற்கடுத்தது 0, மறுபடி 1. செக்குமாடு. எந்தத் தொடக்கம் எந்த மூலத்துக்குப் போகும் என்ற கேள்வியைக் கணிதவியலாளர் கெய்லி 1879-இல் எழுப்பி, இருபடிக்கு மட்டும் விடை கண்டு, முப்படியில் திணறி நிறுத்திக்கொண்டார். அந்த எல்லைகள் எத்தனை சிடுக்கானவை என்பது கணினிப் படங்கள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கன்டரோவிச் 1948-இல் தொடக்கப் புள்ளியை வைத்தே 'இங்கிருந்து போனால் நிச்சயம் ஒருங்கும்' என்று சொல்லும் நிபந்தனை கொடுத்தார். மறுபக்கம், நான்காம் படியிலிருந்து மேலே ஏறக்குறைய எந்தத் தொடக்கத்திலிருந்தும் தவறாமல் ஒருங்கும் இத்தகைய விகிதமுறு முறை எதுவும் இருக்கவே முடியாது என்று மக்மல்லன் 1987-இல் நிறுவினார்.

எல்லையும் வேண்டும், வேகமும் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய பொய்நிலை முறை கண்ணில் படும்: விடை இரண்டு முனைக்கு நடுவில் இருப்பதை விடாமல் வெட்டுக்கோடு போடுவது. தண்டலில் அது நன்றாகவே போகும். பிழை சுற்றுக்குப் பதினான்கில் ஒரு பங்காகிறது. ஆனால் ஓர் எண்ணின் பத்தாம் அடுக்கு ஒன்று என்ற கணக்கை 0-க்கும் 1.3-க்கும் நடுவில் கொடுத்துப் பாருங்கள். முதல் ஊகமே 0.094-இல் விழும், பிறகு ஒரு முனை அசையாமல் நிற்க மறுமுனை நத்தையாகும். பாதி வெட்டும் பாமர முறை அதை முந்திவிடும். 1969-இல் டெக்கரும், 1973-இல் பிரெண்ட்டும் இந்தச் சிக்கலுக்கு நடைமுறை முடிவு கட்டினார்கள்: வேகமான முறை ஒழுங்காகப் போகும்வரை போகட்டும், முரண்டு பிடித்தால் அந்தச் சுற்றுக்கு மட்டும் பாதி வெட்டு. பல கணித நிரல் நூலகங்களில் இன்று உள்ளே ஓடுவது இந்தக் கலப்புதான். முதலாளி வண்டியை ஓட்டும்போது பக்கத்தில் பழைய டிரைவர் உட்கார்ந்திருப்பது மாதிரி.

சீட்டுக்கு வந்தால் கதை இன்னும் கோணல். மாதாமாதம் கட்டுகிறோம், நடுவில் ஒரு மாதம் சீட்டை எடுக்கிறோம், மிச்ச மாதமும் கட்டுகிறோம். பணம் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. குறி இரண்டு முறை மாறுகிறது. குறி எத்தனை முறை மாறுகிறதோ அதற்கு மேல் நேர் மூலங்கள் இருக்க முடியாது என்பது 1637-இல் தெகார்த் கொடுத்த விதி. தண்டலில் ஒரே மாற்றம், ஒரே விடை. சீட்டில் இரண்டு விடை வரலாம். முறை அதிவேகமாக ஒருங்கிச் சொல்லும் 'வட்டி' இரண்டில் எது என்று அதற்கே தெரியாது. தொடக்க ஊகம் இழுத்த பக்கம் போயிருக்கும். வேகமாக வந்த விடை என்பதற்காக அதை நம்பிவிட முடியாது.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் விட்ட சுற்றறிக்கையின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் பிடித்தங்களை எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை எளிய தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளில் அச்சாகும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இந்தச் சுற்றுகளில் ஏதோ ஒன்று ஓடியிருக்கிறது. தெருவில் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அந்தத் தாள் கிடையாது.

அட்டைக்குத் திரும்புகிறேன். நூறு கட்டமும் நிரம்பும்வரை பலர் காத்திருப்பதில்லை. எழுபதாம் நாள் வாக்கில் பாவு வாங்கவோ ஆடிக் கிருத்திகைச் செலவுக்கோ பணம் தேவைப்படும். வசூல்காரர் புது அட்டை போடுவார்: கடன் 10,000, பிடித்தம் 1,000, பழைய பாக்கி 3,000, கையில் 6,000. நாளுக்கு அதே 100. பழைய அட்டை கிழிக்கப்படும். பார்க்க அதே தண்டல்தான். ஆனால் முதல் முப்பது நாள் கட்டுவது எப்படியும் கட்டியிருக்க வேண்டிய பணம். புது 6,000-க்கு உரியது அதற்குப் பிந்தைய எழுபது தவணை மட்டும். பழைய கடனில் இன்னும் தேயாத வட்டியையும் முன்கூட்டியே எடுத்தாயிற்று. இந்த 6,000-க்கு என்ன வட்டி என்று நியூட்டனிடம் கேட்டேன். இந்த முறை நல்ல ஊகம் கையில் இருந்தது, பழைய 77.59. முதல் சுற்றில் 86.56. இரண்டாவதில் 86.64. மூன்றாவது சுற்றில் அது அசையவில்லை.